இரவு மாத்திரையும் பகல் கூலியும்

அரசு மருத்துவமனைகளின் மருந்து வழங்கும் சாளரத்தில் மாத்திரைகளைச் சிறு காகித உறையிலிட்டுத் தருவதுண்டு. எப்போது உட்கொள்வது என்பதைக் காலை, மதியம், இரவு என்று குறித்துக் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் மாத்திரைகளில் பல 'இரவு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இரவு உறங்குவதற்கு, பகல் உழைப்பதற்கு என்கிற ஓர் அனுமானம் அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது.

வடசென்னையின் டோல்கேட் பகுதியில் இந்த அனுமானம் செல்லுபடியாவதில்லை. தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்குச் செல்லும் வழியில் அமைந்த பகுதி இது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்த பிறகு நகரின் பிற பகுதியினருக்கும் இந்தப் பெயர் பழக்கமாகியிருக்கிறது. இரவு பதினொரு மணியளவில் மெட்ரோ ஓய்ந்துவிடும்; ஊர் ஓய்வதில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர் இருக்கையிலேயே கண்ணயர்ந்து, முன்வண்டி உறுமும் ஓசையில் விழித்து, பத்தடி நகர்த்தி, மீண்டும் கண்ணயர்கிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன்பே ஏலம் களைகட்டிவிடுகிறது. அங்கே கூடை எடுக்கும் பெண்களுக்கு நாள் தொடங்குவது நம்முடைய நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னால். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகள் பலவற்றில் ஷிப்டு முறை சுழல்கிறது.

இத்தகைய ஊரில் 'இரவு ஒன்று' என்று குறிக்கப்பட்ட மாத்திரையை எப்போது விழுங்குவது?

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். பல மாதங்களாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறார். அண்மையில் வழியில் பார்த்தபோது அவர் சொன்னது இது: "மாத்திரை போட்டா மனசு லேசா இருக்கு சார். ஆனா வண்டியில ஏறினா கண்ணு சொருகுது. போடலேன்னா கண்ணு தெளிவா இருக்கு, மனசு கெட்டுப்போகுது. எதை விடறது?" வாய்ப்புச் செலவு என்ற கருத்தை வகுப்பில் நான் விளக்கியதைவிட அவர் நன்றாக விளக்கிவிட்டார். ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றே அதன் உண்மையான விலை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் ஒழுங்காகவும் விலையின்றியும் கிடைப்பது இந்த மாநிலத்தின் பெருமைக்குரிய சாதனை. ஆயினும் விலையில்லா மாத்திரைக்கும் ஒரு விலை உண்டு. அது மறுநாள் பகலின் விழிப்பு. நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுபவருக்கு அது ஒரு கோப்பைக் காப்பி. கிரேன் இயக்குபவருக்கு அது உயிர்.

நான் மருத்துவனல்லன். மருந்துகளைப் பற்றி இங்கே எழுதுபவை மருத்துவ அறிவியலில் நிலைபெற்ற பொதுச் செய்திகள். தனிப்பட்ட ஒருவருக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னதென்று தெரியாமலேயே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் மிகுதி என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மனச்சோர்வு மாத்திரை ஏன் தூக்கத்தைத் தருகிறது? மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் வேதிப்பொருள்களில் ஹிஸ்டமின் ஒன்று. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகள் கண்ணைச் சொருக வைப்பது, அவை இந்த ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான். மனச்சோர்வு மருந்துகளின் முதல் தலைமுறையும் ஏறக்குறைய அதே குடும்பத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் 1957-இல் மனச்சோர்வுக்குப் பயன்படுமென்று அறிவித்த இமிப்பிரமின், ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகளைத் தேடிய பாதையில் உருவான சேர்மங்களுள் ஒன்று. அதன் உறவினரான அமிட்ரிப்டிலின் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை குறைவு, பயன் உண்டு, தூக்கக்கலக்கமும் உண்டு. மிர்டாசபைன் என்ற பிற்கால மருந்தும் ஹிஸ்டமினை வலுவாகத் தடுக்கிறது. மாறாக, செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை ஹிஸ்டமினை அவ்வளவாகத் தொடுவதில்லை. சிலருக்கு அவையும் அசதியைத் தரும். வேறு சிலருக்கோ தூக்கத்தைக் கெடுக்கும். ஃப்ளுவாக்ஸெடினைப் பெரும்பாலும் காலையில் உட்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

தூக்க மாத்திரைகளின் கதை வேறு. டயசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகியவை மூளையின் பரபரப்பைத் தணிக்கும் இயற்கையான அமைப்பை மேலும் தூண்டுகின்றன. இவை எல்லாமே தூங்க வைக்கும். ஆனால் எவ்வளவு நேரத்தில் உடலை விட்டு அகலும் என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள 'அரை ஆயுட்காலம்' என்ற ஒரே கருத்து போதும். இரத்தத்தில் உள்ள மருந்தில் பாதி நீங்குவதற்கு ஆகும் நேரமே அது. சோல்பிடெமுக்கு ஏறத்தாழ 2.5 மணி நேரம். அல்பிரசோலத்துக்குச் சுமார் 11 மணி நேரம். குளோனசெபாமுக்கு 30 மணி நேரத்துக்கும் மேல். டயசெபாமுக்கு 20 முதல் 50 மணி நேரம். அது சிதைந்து உண்டாகும் பொருளும் தூக்கத்தைத் தரக்கூடியது, அது இன்னும் நீண்ட நேரம் தங்குகிறது. வயது ஏற ஏற டயசெபாமின் இந்தக் காலம் நீள்கிறது.

கணக்குப் பதிவியல் அறிந்தவர்களுக்கு இது எளிது. அரை ஆயுட்காலம் 24 மணி நேரமுள்ள மாத்திரை ஒன்றை ஒருவர் இரவுதோறும் உட்கொள்வதாகக் கொள்வோம். முதல் இரவு வரவு ஒன்று. மறுநாள் இரவு பாதி மீதமிருக்கிறது. அதோடு புதிதாக ஒன்று சேர, இருப்பு ஒன்றரை. அடுத்த இரவு ஒன்றே முக்கால். இப்படியே ஏறி, ஐந்தாறு நாள்களில் ஏறத்தாழ இரண்டு மாத்திரைகளின் அளவில் நிலைபெறும். அரை ஆயுட்காலம் 48 மணி நேரமானால், ஏறும் காலமும் இரட்டிப்பாகி, இருப்பு மூன்றைத் தாண்டிவிடும். விழுங்குவது நாளொன்றுக்கு ஒரு மாத்திரைதான். சுமப்பது மூன்றின் எடையை. "முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, அடுத்த வாரம்தான் தலை கனத்தது" என்று சிலர் சொல்லும்போது, அது கற்பனை என்று வீட்டார் எண்ணுகிறார்கள். கற்பனையன்று, முன்னிருப்பு.

குறுகிய காலம் தங்கும் மருந்தும் எல்லோரிடமும் ஒரேபோல் விலகுவதில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013 ஜனவரியில் சோல்பிடெமின் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. இரவு உட்கொண்டவர்களில் சிலருக்கு, மறுநாள் காலை வாகனம் ஓட்டும் நேரத்திலும் இரத்தத்தில் ஆபத்தான அளவு எஞ்சியிருந்ததும், பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக நீங்கியதுமே காரணம். அந்த மருந்து சந்தைக்கு வந்து இருபதாண்டுகள் ஆன பிறகுதான் இந்தத் திருத்தம். மரபணுவும் குறுக்கிடுகிறது. எஸ்சிட்டலோபிராமைச் சிதைப்பதில் பெரும் பங்காற்றும் கல்லீரல் நொதி ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அத்தகையோர் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியர்களிடையே அதிகம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட அளவு நமக்கு மிகையாக இருக்கலாம். அது நம் பலவீனமன்று.

இனி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பகலில் வரும் எல்லாச் சோர்வையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிட முடியாது. மனச்சோர்வு நோயே அசதியைத் தரும். விடியற்காலையில் விழிப்பு வந்து, எழ மனமின்றிக் கிடப்பது அதன் பழைய அடையாளம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, உறக்கத்தில் மூச்சு அடைபடும் குறட்டை நோய் ஆகியவற்றாலும் பகலில் அசதி வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறக்கத்தின் பற்றாக்குறையே ஒரு காரணம். நான்கு மணி நேரம் மட்டும் உறங்க வாய்க்கும் ஒருவர் மாத்திரையே உட்கொள்ளாவிட்டாலும் தூங்கித்தான் விழுவார்.

எது எதனால் என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தூக்கக்கலக்கமும் சோர்வும் ஒன்றல்ல. அமர்ந்தால் கண் மூடிக்கொள்கிறதா, அல்லது கண் திறந்தே இருந்தும் கையைத் தூக்க மனமில்லையா? முன்னது மருந்தையோ உறக்கக் குறைவையோ சுட்டும். பின்னது நோயையோ இரத்தசோகையையோ சுட்டும் வாய்ப்பு அதிகம். ஒரு வாரத்துக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு, படுத்தது எப்போது, எழுந்தது எப்போது, கண் சொருகியது எந்த மணிக்கு என்ற நான்கையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்தாலே போதும். மாத்திரை உட்கொண்ட நேரத்தை ஒட்டிக் கலக்கம் நகர்கிறதென்றால் விடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்கு ஒருவரிடம் செலவிடக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். "அசதியா இருக்கு டாக்டர்" என்ற பொதுச் சொல்லைவிட, "இரவு பதினொன்றுக்குப் போடுகிறேன், காலை பத்து மணி வரை தெளியவில்லை, எனக்கு ஆறு மணிக்கு வேலை" என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் பன்மடங்கு பயன் தரும்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் மருத்துவரால் செய்யக்கூடியவை பல. மிக எளியது, நேரத்தை முன்னே தள்ளுவது. கலக்கம் தரும் மாத்திரையைப் படுக்கப் போகும் கணத்தில், பதினொரு மணிக்கு விழுங்குவதைவிட, எட்டரை மணிக்கே விழுங்கினால் அதன் உச்சம் உறக்கத்துக்குள் வந்துவிடும். காலைக்கு எஞ்சுவது குறையும். கலக்கம் தராத மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றலாம். தொடங்கும்போது குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். ஒரே அளவைப் பிரித்துப் பகலில் ஒரு பங்கு தந்திருந்தால் அதை இரவோடு சேர்க்கலாம். இவை எதுவும் பயன்தராவிட்டால் மருந்தையே மாற்றலாம். ஷிப்டு சுழலும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி வழிதான் பொருத்தமானது. இந்த வாரம் பகலிலும் அடுத்த வாரம் இரவிலும் பணியாற்றும் ஒருவரிடம், கலக்கம் தரும் மாத்திரையை மணி பார்த்து உட்கொள்ளச் சொல்வதில் பொருளில்லை. அவருக்கு 'இரவு' என்பது அவருடைய நீண்ட உறக்கம் எப்போதோ அப்போது.

மாத்திரையை நாமே பாதியாக உடைத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கே உண்டு. மிர்டாசபைனை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவில் அதன் ஹிஸ்டமின் தடுப்பே மேலோங்கி நிற்கும். அளவு கூடும்போது விழிப்பைத் தூண்டும் வேறு செயல்களும் சேர்ந்துகொள்ளும் என்பது மருத்துவர்களின் அனுபவம். பாதியாக உடைத்தவர் நோய்க்கான பயனை இழந்து, தூக்கக்கலக்கத்தை மட்டும் முழுதாகத் தக்கவைத்துக்கொள்ள நேரிடலாம். சில மாத்திரைகள் மெல்லக் கரைவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. உடைத்தால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

நேரத்தைவிடவும் அளவைவிடவும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் தாம் உட்கொள்வது ஒரு கலக்க மாத்திரை என்று நினைத்திருப்பார். உண்மையில் மூன்று இருக்கும். மக்கள் வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் 'நரம்பு மாத்திரை' என்றே பெயர். எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து நம் நாட்டில் தாராளமாக விற்பனையாகின்றன. கழுத்துவலிக்கும் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் அமிட்ரிப்டிலின் தரப்படுவதுண்டு; அது மனச்சோர்வு மருந்து என்பது பெறுபவருக்குத் தெரிவதில்லை. குளோர்டயசெபாக்சைட் கலந்த வயிற்றுக்கோளாறு மாத்திரைகளும் உண்டு. இவற்றின் மேல் சளிக்கு மருந்துக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின் சேர்ந்தால், மழைக்காலத்தில் பாதி ஊர் தள்ளாடுவதில் வியப்பில்லை. எலும்பு மருத்துவர், வயிற்று மருத்துவர், மனநல மருத்துவர் என மூவரும் தத்தம் அளவில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். மூன்று சீட்டுகளையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் கொட்டுவது நாகரிகக் குறைவன்று.

மது இதே அமைப்பின் மீதுதான் செயல்படுகிறது. தூக்க மாத்திரையும் மதுவும் சேரும்போது விளைவு கூட்டலாக நிற்பதில்லை. மூச்சே மந்தமாகும் அபாயம் இருக்கிறது. உடல்வலிக்காகக் குடிப்பதாகச் சொல்லும் துறைமுகத் தொழிலாளியிடம் மருத்துவர் இதைக் கடிந்து கேட்டால் அவர் பொய் சொல்வார். கடியாமல் கேட்டால் உண்மை வரும்.

தேநீருக்கு வருவோம். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை இரவு முழுவதும் தேநீர்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தேநீரும் காப்பியும் தூக்க உணர்வை மறைக்கும். மாத்திரையை உடலிலிருந்து வெளியேற்றாது. காஃபீனின் அரை ஆயுட்காலம் சுமார் ஐந்து மணி நேரம். காலை ஆறு மணிக்கு ஷிப்டு முடித்து எட்டு மணிக்குப் படுப்பவர் ஐந்து மணிக்குக் குடித்த தேநீரில் பாதிக்கு மேல் அவரோடு படுக்கைக்கு வருகிறது. கடைசித் தேநீரை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. உணவு இடைவேளையில் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் பயன் தரும். ஒரு மணி நேரம் தூங்கினால் எழும்போது மந்தம் கூடும். எழுந்தவுடன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடப்பது உடலின் கடிகாரத்தைத் திருத்தும். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கப் போகிறவருக்கு இது தலைகீழ். அவர் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்றவை வியர்வையைக் குறைப்பவை என்பதால், கொதிகலன் அருகிலும் மே மாத வெயிலிலும் நிற்பவர்களுக்கு வெப்பத் தாக்கு எளிதில் வரும். அந்த மயக்கத்தையும் மாத்திரைத் தூக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

பொருளியலாளன் என்ற முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது முதல் மூன்று வாரங்கள். மனச்சோர்வு மாத்திரையின் பக்க விளைவு முதல் நாளே வந்துவிடும். பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். செலவு முன்னே, வரவு பின்னே என்ற முதலீடு இது. சேமிப்பு உள்ளவர் காத்திருப்பார். அன்றாடக் கூலியில் வாழ்பவர் மூன்றாம் நாளே கணக்கை முடித்துவிடுவார். ஆனால் தூக்கக்கலக்கம் பலருக்கு முதலிரு வாரங்களில் தானே குறைகிறது. இதை யாராவது முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தால், அதுவும் அந்த இரு வாரங்களுக்குப் பணிநேரத்தை ஒட்டி மாத்திரை நேரத்தை அமைத்துத் தந்திருந்தால், அவர் தாங்கியிருப்பார். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் குறைபாடு உடையோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர், நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை பெறாதவர்கள். சிகிச்சைக்கு வந்த சிலரையும் தூக்கக்கலக்கத்துக்குப் பலிகொடுப்பது பெரும் வீண்செலவு.

திடீரென நிறுத்துவது எவ்வளவு ஆபத்து? மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மின்அதிர்ச்சி போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். நெடுநாள் உட்கொண்ட டயசெபாம், குளோனசெபாம், அல்பிரசோலம் ஆகியவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். குறைக்க வேண்டுமெனில் மருத்துவர் சொல்லும் படிகளில், வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும்.

தூக்க மாத்திரைகள் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கென்று கருதப்படுபவை. நம்மிடையே ஆண்டுக்கணக்கில் அவற்றோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக என் வயதினர். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 'எச்-1' அட்டவணையின்படி, டயசெபாம், அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவற்றை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்கப்பட்டது, எவர் எழுதித் தந்தார் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டை நீட்டியோ, முகப் பழக்கத்திலோ ஓர் அட்டை வாங்கிவிடுவது முதியவர்களின் வழக்கம். அறுபதைக் கடந்தவர்களுக்கு இம்மாத்திரைகளால் நேரும் முதல் கேடு தூக்கமன்று. இரவில் கழிவறைக்கு எழும்போது விழுவது. இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவரின் வருமானமும் சேர்ந்தே முறியும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதற்சிகிச்சை மாத்திரையன்று, பழக்கத்தைத் திருத்தும் உளவியல் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, படுக்கையில் கழிக்கும் நேரத்தை உறங்கும் நேரத்தளவுக்குச் சுருக்குவது ஆகியவை அதன் உறுப்புகள். சிறந்த முறைதான். ஆனால் 'தனியறை, இருள், அமைதி' என்று தொடங்கும் அந்த அறிவுரையை, ஒரே அறையில் ஐவர் படுக்கும் வீட்டில், வாசலுக்கு வெளியே லாரிகள் ஒலியெழுப்பும் தெருவில் எப்படிப் பின்பற்றுவது? எழும் நேரத்தை நிலைப்படுத்துவதையாவது அங்கே செய்ய முடியும். அந்த முறையின் வலுவான பகுதிகளில் அதுவும் ஒன்று. மற்றவை வீட்டுவசதித் துறையும் போக்குவரத்துக் காவல் துறையும் எழுதித் தர வேண்டிய மருந்துகள்.

வாகனம் பற்றிய சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு மதுவோடு மருந்தின் தாக்கத்தையும் குறிப்பிடுகிறது. 186-ஆம் பிரிவு உடலாலோ மனத்தாலோ தகுதியற்ற நிலையில் ஓட்டுவதையும் குற்றமாக்குகிறது. ஆனால் தாம் அத்தகைய நிலையில் இருப்பதை ஓட்டுநர் எப்படி அறிவார்? பிரான்சில் 2005 முதல் மருந்துப் பெட்டிகளின் மேல் முக்கோணத்துக்குள் கார் படம் அச்சிடப்படுகிறது: மஞ்சளானால் கவனம், ஆரஞ்சானால் மருத்துவரைக் கேளுங்கள், சிவப்பானால் ஓட்டாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நம் அரசு மருத்துவமனையின் காகித உறையில் ஒரு லாரிப் படத்தை ரப்பர் முத்திரையாகக் குத்துவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

ஆலைகளில் நிலைமை நுட்பமானது. தாம் மனநல மாத்திரை உட்கொள்வதை மேற்பார்வையாளரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று தொழிலாளி அஞ்சுகிறார். ஒப்பந்தத் தொழிலாளியானால் அந்த அச்சம் வீணானதன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் சிகிச்சை விவரங்களை மருத்துவர்கள் இரகசியமாகக் காக்க வேண்டுமென்கிறது. மருந்தின் பெயரையோ நோயின் பெயரையோ சொல்லாமல், "இரண்டு வாரங்களுக்கு உயரமான இடத்திலும் சுழலும் இயந்திரத்திலும் பணி வேண்டாம்" என்று மட்டும் மருத்துவர் சான்று தரலாம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த தொழிற்சாலைகள் சட்டத்திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் உற்பத்தி பற்றியும் முதலீடு பற்றியும் நிறையப் பேசினோம். பன்னிரண்டு மணி நேர வேலையோடு பயண நேரத்தையும் கழித்தால் உறக்கத்துக்கு என்ன எஞ்சும், அந்த எச்சத்துக்குள் எட்டு மணி நேரம் கேட்கும் மாத்திரை எப்படி அடங்கும் என்ற கணக்கை எவரும் போட்டதாக நினைவில்லை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. எழுப்பினாலும் எழாத உறக்கம், குழறும் பேச்சு, மூச்சு மந்தமாதல் ஆகியவை தெரிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். முதியவர் ஒருவர் மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குழப்பமும் தள்ளாட்டமும் அடைந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். அன்றே பரிசோதிக்க வேண்டும். இளையோருக்கு, குறிப்பாக 25 வயதுக்குட்பட்டோருக்கு, மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். இரவு இரண்டு மணிக்கு லாரி வரிசையில் நிற்பவருக்கும் அது எட்டும்.

டோல்கேட் மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ஸ்டான்லிதான். 1782-இன் பஞ்சக் காலத்துக் கஞ்சித்தொட்டியில் வேர்விட்டு வளர்ந்த நிறுவனம் அது. பழைய வடசென்னைவாசிகளின் வாயில் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. பசித்தவன் எப்போது வருவானோ அப்போது கஞ்சி ஊற்றிய மரபு அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் இன்று அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் காலைப் பொழுதுக்குரியது. இரவு ஷிப்டு முடித்தவர் உறக்கத்தை விட்டு வர வேண்டும்; பகல் கூலிக்காரர் கூலியை விட்டு வர வேண்டும். மாத்திரையின் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளலாமா என்று கேட்பதற்கு ஒரு நாள் வருமானத்தை எவர் இழப்பார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்ல முடியுமென்று காட்டியிருக்கிறது. மனநல மாத்திரை பெறுவோரிடமும் மாதமொரு முறை, "எப்போது உறங்குகிறீர்கள், என்ன வேலை, பகலில் கண் சொருகுகிறதா" என்று மூன்று கேள்விகளைத் தொலைபேசியிலாவது கேட்கலாம். வாரம் ஒரு நாள் மாலை ஏழு மணி வரை மனநலப் பிரிவின் கதவு திறந்திருக்கலாம். மருந்துச் சீட்டில் பெயர், வயது, பாலினம் எழுதும் வரிசையில் நான்காவதாகத் தொழில், ஐந்தாவதாகப் பணிநேரம் என்று இரு கட்டங்களைச் சேர்க்க அரசாணைகூடத் தேவைப்படாது.